வீட்டிலேயே விமானம்... முதலில் வால்!

விமானம் பெட்டியில் வரும் என்றால் நம்புவீர்களா நண்பர்களே? நிஜம்தான். பெரிய மரப்பெட்டி. உள்ளே வெட்டி, வளைத்து, துளை போட்ட அலுமினியத் தகடுகள், பொட்டலம் பொட்டலமாக ரிவிட்டுகள், கூடவே தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். பிரித்து, எண்ணி, கோர்த்து, அடித்து முடித்தால் விமானம் ரெடி. பொம்மை விமானம் அல்ல, ஆள் உட்கார்ந்து பறக்கிற விமானம்! இதற்குக் கிட் விமானம் என்று பெயர்.

வெள்ளைக்காரன் வேலை, நமக்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பக்கத்து மாநிலமான கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராக்ஷன் இதைச் செய்திருக்கிறார். அவர் படித்தது நம் பாடம்தான், மெக்கானிக்கல். 2006-ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார், அங்கேயே கார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார், 2018-ல் விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்தார். தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் கம்பெனி தயாரிக்கும் 4 பேர் உட்காரும் கிட் ஒன்றை வரவழைத்து, எசெக்ஸில் தன் வீட்டுத் தோட்டத்து ஷெட்டில் வைத்துக் கட்டினார். கொரோனா ஊரடங்கு நேரம் அவருக்கு வசதியாகப் போயிற்று. சுமார் 1,500 மணி நேர வேலை. 2022-ல் அது பறந்தது. இளைய மகளின் பெயரை விமானத்துக்கு வைத்து, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றி வந்தார்.

இந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. கிட் கம்பெனிகள் சில தங்கள் கட்டும் முறைப் புத்தகங்களைப் பொதுவில் படிக்கக் கொடுக்கின்றன. கட்டுகிறவர்களும் ஒவ்வொரு நாள் வேலையையும் வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். போனில்தான் எல்லாம் பார்த்தேன். நான் விமானம் கட்டியவன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் புரிந்தது. அங்கே நடப்பது நம்ம ஃபிட்டிங் ஷாப் வேலை, நம்ம ஷீட் மெட்டல் ஷாப் வேலை.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. பத்தாவதுக்கு மேல் படிப்பது குடும்பத்தில் நான்தான் முதல். முதலாம் ஆண்டில் ஷாப் கிளாஸ் முடிந்து கை கொப்புளத்தோடு வீட்டுக்குப் போனால் அப்பா கேட்பார்: "கைவேலை வேணாம்னுதானே காலேஜுக்கு அனுப்பிச்சோம்? அங்கேயும் இரும்பை ராவத்தான் சொல்றாங்களா?" இது பலருடைய வீட்டிலும் கேட்ட கேள்விதான் என்று நினைக்கிறேன். அதற்கு என்னால் முடிந்த பதில் இந்தக் கட்டுரை.

ஏன் வால்?

ஸ்லிங் ஆகட்டும், அமெரிக்காவின் வான்ஸ் ஆகட்டும், கட்டுகிறவருக்கு முதலில் வருவது வால் பெட்டி. மூக்கு அல்ல, இறக்கை அல்ல. "வால்ல ஆரம்பிச்சா தலை எப்பப்பா வரும்?" என்று அப்பா சிரித்தார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். காரணம் என்னவென்றால், முழு விமானத்தின் விலையில் வால் ஒரு சின்னப் பங்குதான். கிடைவாட்டில் நீளம் 8 முதல் 10 அடிக்குள் இருக்கும். ஒரு கூடத்தில் அல்லது கார் நிறுத்தும் இடத்தில் மேஜை போட்டு வேலை செய்யலாம். ஆனால் இறக்கையிலும் உடம்பிலும் செய்ய வேண்டிய அத்தனை வகை வேலையும் இதற்குள் இருக்கிறது. துளை, பிசிறு நீக்குதல், ரிவிட், வளைப்பு, கீல், எடை பார்ப்பது எல்லாமே. கை பழகுவதற்கு வால். இந்த வேலை நமக்கு ஒத்து வராது என்று தெரிந்தால் அந்தப் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம், பெரிய நஷ்டம் இல்லை.

ஆனால் விலை குறைவு என்பதற்காக அது முக்கியமில்லாத பாகம் என்று எண்ணிவிடக் கூடாது.

வால் என்ன செய்கிறது?

வால் இல்லாத பட்டம் குட்டிக்கரணம் அடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அம்பின் பின்னால் இறகு கட்டுவதும் அதற்குத்தான். பின்பக்கம் காற்றைப் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தால் முன்பக்கம் நேராகப் போகும். விமானத்தின் செங்குத்து வால் செய்வது இந்த வேலை. அதன் பின்பாதி கீலில் திரும்பும். அதுதான் ரட்டர் எனப்படும் சுக்கான்.

கிடையாக இருக்கும் வால்தான் சுவாரஸ்யமானது. இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது, சரி. வாலும் தூக்குகிறது என்றுதான் நாம் நினைப்போம். சாதாரணமாகப் பறக்கும்போது பெரும்பாலான விமானங்களில் வால் கீழே அமுக்குகிறது! எப்படி என்றால், விமானத்தின் எடை மையம் இறக்கையின் தூக்கு மையத்துக்குச் சற்று முன்னால் இருக்கும்படி வடிவமைக்கிறார்கள். அப்படியே விட்டால் மூக்கு கவிழும். அது கவிழாமல் வால் பின்னால் அமுக்கிப் பிடிக்கிறது. பாலாற்றுப் பக்கத்துக் கிணறுகளில் அந்தக் காலத்தில் ஏற்றம் இருந்ததாகத் தாத்தா சொல்வார். ஒரு பக்கம் சாலில் தண்ணீர், மறுபக்கம் மரத்தின் மேல் நடக்கும் ஆள். அந்த ஆள்தான் இங்கே வால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி வைப்பதில் என்ன லாபம்? காற்று அடித்து மூக்கு திடீரென்று மேலே தூக்கினால் வாலின் மீது காற்று படும் கோணமும் மாறும். அமுக்கம் குறையும், வால் மேலே வரும், மூக்கு தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பும். பைலட் கை வைக்காமலே! கிடைவாலின் பின்பாதியும் கீலில் அசையும். எலிவேட்டர் என்று பெயர். மூக்கைத் தூக்குவதும் இறக்குவதும் அதுதான். ஆக, இறக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வால் போனால் விமானத்தைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை.

துளை போடுவதில் என்ன இருக்கிறது?

வாலின் மேல் தகடு 0.4 மி.மீ., 0.5 மி.மீ. கனம்தான். விரலால் அழுத்தினால் நெளியும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் வைத்து, மேலே இந்தத் தகட்டைப் போர்த்தி ரிவிட் அடித்த பிறகு அதே தகடு விறைத்துக்கொள்கிறது. தனியாக ஒவ்வொன்றும் சொத்தை, சேர்ந்தால் இரும்பு மாதிரி. நம் ஊர் டிரங்குப் பெட்டியைத் தட்டிப் பாருங்கள், ஓரளவு புரியும்.

இந்தக் காலத்துக் கிட்டுகளில் துளைகள் கம்ப்யூட்டர் இயந்திரத்தில் போட்டே வருகின்றன. தகட்டின் துளையும் சட்டத்தின் துளையும் ஒன்றுக்கொன்று பொருந்தினாலே பாகம் நேராக நிற்கும். முன்பெல்லாம் கட்டுகிறவரே மரச்சட்டத்தில் ஜிக் செய்து, அளந்து, சென்டர் பஞ்ச் வைத்து ஒவ்வொரு துளையையும் போட வேண்டியிருந்தது.

அப்படியானால் வேலை சுலபம்தானே? இல்லை. வேலையின் வரிசையைக் கேளுங்கள். முதலில் எல்லாவற்றையும் கிளீக்கோ என்ற ஸ்பிரிங் ஊசிகளால் தற்காலிகமாகக் கோர்க்க வேண்டும். தையல்காரர் பெரிய பெரிய தையலாக ஓட்டிப் பார்ப்பார் அல்லவா, அது மாதிரி. பிறகு துளைகளைச் சரியான அளவுக்கு ட்ரில் பிட்டால் இறுதியாகத் துளைக்க வேண்டும். அப்புறம்? எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் போட வேண்டும்! இரண்டு தகடுகளுக்கு நடுவில் சிக்கிய சுருள்களையும் பிசிறுகளையும் எடுக்காமல் ரிவிட் அடித்தால் தகடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி உட்காராது. ஆகவே பிரித்து, ஒவ்வொரு துளையின் இரு பக்கமும் பிசிறு நீக்கி, ஓரங்களை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, மறுபடியும் கோர்த்து, அதன் பிறகே ரிவிட். ஒரு கிடைவாலில் மட்டும் நூற்றுக்கணக்கான துளைகள். வீடியோவில் பார்க்கும்போதே நமக்குக் கொட்டாவி வரும். அவர்கள் நாள்கணக்கில் இதைத்தான் செய்கிறார்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரர் முதலில் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டுவார். அதன் பிறகு இரண்டு கையால் இழுத்தால் சர்ரென்று நேராகக் கிழியும். வெட்டு இல்லாமல் இழுத்தால் எவ்வளவு பலம் போட்டாலும் சுலபத்தில் வராது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் பல் வைத்திருப்பதும் இதற்காகவே. இழுவிசை முழுவதும் அந்த ஒரு முனையில் வந்து குவிகிறது. நம் மெட்டீரியல்ஸ் பாடத்தில் இதைத் தகைவுக் குவிப்பு என்று படித்து, படம் போட்டு, மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். ராவாமல் விட்ட ஒரு கீறல், பிசிறோடு விட்ட ஒரு துளை, இரண்டும் கடைக்காரரின் கத்தரி வெட்டுதான். என்ஜின் அதிர்ந்துகொண்டே இருக்கும், காற்று அமுக்கிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் மயிரிழை மாதிரி விரிசல் தொடங்கும். விரல் நுனியை ஓட்டிப் பார், தடுக்கினால் மறுபடி ராவு என்பது கட்டுகிறவர்களின் விதி. நம் ஃபிட்டிங் ஷாப்பிலும் இதையேதானே சொன்னார்கள்!

இதற்கு ஒரு நிஜ உதாரணம் சமீபத்திலேயே இருக்கிறது. வான்ஸ் கம்பெனி 1973-ல் தொடங்கியது. அவர்களுடைய கிட்டுகளில் கட்டிய விமானங்கள் 11,000-க்கு மேல் பறந்திருக்கின்றன. கொரோனாவுக்குப் பிறகு ஆர்டர் குவிந்ததும், துளைகளைப் பஞ்ச் அடிப்பதற்குப் பதிலாகச் சில பாகங்களை லேசரில் வெட்டி வாங்கினார்கள். அந்தத் துளைகளின் ஓரத்தைக் குழிக்கும்போது சிறு விரிசல்கள் வருவதாக 2023-ல் புகார் எழுந்தது. ஏராளமானவர்களுக்கு மாற்றுப் பாகங்கள் தர வேண்டி வந்தது. வேறு பணப் பிரச்சினைகளும் சேர்ந்துகொள்ள, அந்த டிசம்பரில் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது. மறு ஆண்டு மீண்டு வந்துவிட்டது என்பது வேறு விஷயம். 11,000 விமானம் பறக்க விட்ட கம்பெனியையே ஒரு துளையின் ஓரம் ஆட்டிவைத்தது, பாருங்கள்.

குழிப்பது என்றேனே, அது என்னவென்றால், வெளித்தகட்டில் ரிவிட் தலை துருத்திக்கொண்டு நின்றால் காற்று இழுக்கும். தலை தகட்டோடு மட்டமாக இருக்க வேண்டும். கனமான தகடாக இருந்தால் கவுண்டர்சிங்க் போட்டுவிடலாம். 0.5 மி.மீ. தகட்டில் கவுண்டர்சிங்க் போட்டால் துளையே கத்தி முனையாகிவிடும். ஆகவே உலோகத்தை வெட்டாமல், ஆண் அச்சு பெண் அச்சு வைத்துத் துளையின் ஓரத்தைக் கிண்ணம் மாதிரி அமுக்குகிறார்கள். அடித் தகட்டிலும் அதே கிண்ணம். ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். டிம்பிள் என்பார்கள். கன்னத்தில் விழும் குழிக்கு உள்ள அதே பெயர்தான்!

இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்

ரிவிட்டில் இரண்டு வகை. அசோக் கட்டிய ஸ்லிங்கில் பெரும்பாலும் இழுப்பு ரிவிட், நாம் பாப் ரிவிட் என்று சொல்வதன் உயர்ந்த ரகம். ஒரு பக்கத்தில் நின்று ஒரே ஆள் அடிக்கலாம். வான்ஸ் கிட்டுகளில் பெரும்பாலும் திட ரிவிட். இதற்கு ஒரு பக்கம் காற்று அழுத்தத்தில் அடிக்கும் துப்பாக்கி, எதிர்ப்பக்கம் கனமான இரும்புக் கட்டி. நம் ஷாப்பில் டாலி என்கிறோமே, அதன் தம்பி. துப்பாக்கி தலையில் அடிக்க, கட்டியில் மோதி ரிவிட்டின் வால் நசுங்கிப் பரவி இரண்டாவது தலையாகிறது.

இதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டுத் தறிதான் நினைவுக்கு வந்தது. கோர்வைச் சேலை தெரியும் அல்லவா? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் பல் பல்லாகப் பின்னிக்கொள்ளும். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஓரத்து நாடாவைப் போட இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். மிதிக்கிற சத்தம், பலகை விழுகிற சத்தம், அதை வைத்தே இந்தக் கை முடித்தது என்று அந்தக் கைக்குத் தெரியும். ரிவிட் அடிக்கும் இருவரும் இப்படித்தான். ஒருவருக்கு மற்றவர் கை தெரியாது, நடுவில் தகடு இருக்கிறது. கட்டி சரியாக உட்காராமல் துப்பாக்கி அடித்துவிட்டால் தகடு பள்ளமாகிவிடும். கட்டியைச் சாய்த்துப் பிடித்தால் ரிவிட் ஒரு பக்கமாக மடங்கிவிடும். பழகிய ஜோடி சத்தத்தை வைத்தே நல்ல ரிவிட்டா கெட்டதா என்று சொல்கிறார்கள். பல வீடுகளில் கணவன் மனைவிதான் இந்த ஜோடி என்பதையும் கவனித்தேன்!

அளவும் உண்டு. ரிவிட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நசுங்கிய பிறகு தலையின் அகலம் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. வாலில் அதிகம் வரும் 2.4 மி.மீ. ரிவிட்டுக்கு அகலம் 3.6, உயரம் 1.2 மி.மீ. தகட்டின் ஓரத்திலிருந்து துளையின் மையம் குறைந்தது இரண்டு விட்டம் தள்ளி இருக்க வேண்டும். இன்னொன்று, அடிக்க அடிக்க அலுமினியம் இறுகிக்கொண்டே போகும். சும்மா டொக் டொக்கென்று நூறு அடி அடிப்பதைவிட, நாலைந்து அழுத்தமான அடியில் முடித்துவிடுவது நல்லது.

ரிவிட் கோணிவிட்டால் என்ன செய்வது? தலையின் நடுவில் ட்ரில் வைத்து, தலையை மட்டும் உடைத்து, மீதியைத் தட்டி வெளியே தள்ள வேண்டும். சொல்வது எளிது. ட்ரில் நகர்ந்தால் துளை முட்டை வடிவமாகிவிடும். அதனால் பழைய கைகள் ஒன்று சொல்கிறார்கள். கொஞ்சமாகக் கோணிய ரிவிட்டை விட்டுவிடு, அதை எடுக்கப் போய்த் துளையைக் கெடுத்துக்கொள்வது அதைவிட மோசம். எது கொஞ்சம், எது அதிகம் என்பது புத்தகத்தில் முழுசாக வராது. ஒரே பாகத்தில் இரண்டு மூன்று இடத்தில் துளை கெட்டுப்போனால் அந்தப் பாகத்தையே தூக்கிப் போட்டுவிட்டுக் காசு கொடுத்து வேறு வாங்க வேண்டும். வாலைக் கட்டும் பலரும் ஒரு தகட்டையாவது இப்படி மறுபடி ஆர்டர் செய்கிறார்கள்.

நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கஷ்டமான பாடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. நம் வீடுகளில் எதையும் தூக்கிப் போடுவதில்லை. தறியில் இழை தவறினால் கூலியில் பிடிப்பார்கள். ஆகவே ஒப்பேற்றி, மறைத்து, நீவிவிட்டு அனுப்பத்தான் பழகியிருக்கிறோம். சேலையில் தவறு இருந்தால் கட்டிக்கொள்பவருக்குச் சங்கடம், அவ்வளவுதான். விமானத்தின் வாலில் ஒப்பேற்றினால்?

1985 ஆகஸ்டு 12. ஜப்பான் ஏர்லைன்ஸின் 123-ம் எண் விமானம், போயிங் 747, டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குக் கிளம்பியது. அந்த விமானம் அதற்கு 7 வருடம் முன்னால், 1978-ல், இறங்கும்போது பின்பகுதியைத் தரையில் தேய்த்துக்கொண்டது. பின்பக்க அழுத்தத் தடுப்புச் சுவரைப் பழுது பார்த்தார்கள். இரண்டு வரிசை ரிவிட் பாரம் தாங்க வேண்டிய இடத்தில், ஒட்டுப் பட்டையை ஒரே துண்டாக வைக்காமல் இரண்டாக வெட்டி வைத்ததால், பாரம் முழுவதும் ஒரே வரிசை மேல் விழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அப்படியே 12,000 தடவைக்கு மேல் பறந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளே காற்று ஊதும், இறங்கும்போது விடும். துளையிலிருந்து துளைக்கு விரிசல் நடந்து போயிற்று. அன்றைக்குச் சுவர் வெடித்து, சீறிய காற்று செங்குத்து வாலின் பெரும்பகுதியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வால் இல்லாமல் அரைமணி நேரத்துக்கு மேல் தள்ளாடி, மலையில் மோதியது. இருந்தவர்கள் 524. பிழைத்தவர்கள் 4 பேர்.

இதை நான் வீட்டில் சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் "ஒரு வரிசைதானா?" என்றார்.

ஈயக் கட்டியும் நோட்டுப் புத்தகமும்

எலிவேட்டரையும் ரட்டரையும் கட்டி முடித்ததும் அவற்றின் முனையில் ஈயக் கட்டி வைத்துத் திருகுகிறார்கள். எடையைக் குறைக்க மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே ஈயம் ஏற்றுவதா? காரணம் உண்டு. கீலில் ஆடும் தகட்டின் கனம் முழுவதும் கீலுக்குப் பின்னால் இருந்தால், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகும்போது அது தானாகப் படபடக்கத் தொடங்கும். பஸ் ஜன்னலில் சேலைத் தலைப்பு அடித்துக்கொள்கிற மாதிரி. ஒவ்வொரு ஆட்டமும் காற்றிலிருந்து சக்தியை வாங்கி அடுத்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். சில நொடியில் வாலே பிய்ந்துவிடலாம். ஃபிளட்டர் என்று பெயர். கீலுக்கு முன்னால் ஈயம் வைத்துச் சமப்படுத்தினால் இந்த வியாதி அண்டாது. பெயிண்ட் அடித்த பிறகு மறுபடி சமம் பார்க்க வேண்டும் என்பது இதில் வேடிக்கை. கீலுக்குப் பின்னால் ஏறிய அந்தக் கொஞ்சூண்டு பெயிண்டின் எடையும் கணக்கில் வரும்!

ரட்டரின் பின்னோரம் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க வேண்டும். வளைந்திருந்தால் விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். நூல் கட்டியும் நேர்ச்சட்டம் வைத்தும்தான் பார்க்கிறார்கள். தெருவில் பாவு விரித்து இழை பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள்.

கட்டுகிறவர் நோட்டுப் புத்தகம் ஒன்று எழுத வேண்டும். தேதி, செய்த வேலை, எத்தனை மணி நேரம், போட்டோ. அமெரிக்கச் சட்டப்படி பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுகிறவர்களே செய்திருந்தால்தான் அதை வீட்டு விமானம் என்று ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு இந்த நோட்டே சாட்சி. பிரிட்டனில் இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர் வந்து கட்டம் கட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு: 1991 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு சின்னப் பயணிகள் விமானம் நடுவானில் உடைந்து விழுந்து 14 பேர் இறந்தார்கள். முந்தைய இரவு கிடைவாலின் இடது முன்னோரத்தின் மேல்பக்கத்தில் 47 திருகுகளைக் கழற்றியிருந்தார்கள். ஷிப்ட் மாறியது. கழற்றியதை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. அடுத்த ஷிப்ட்காரர்களுக்குத் தெரியாது. வால் உயரத்தில் இருப்பதால் கீழே நிற்பவர் கண்ணுக்கும் படாது. காலையில் முதல் தடவை பறந்து பத்திரமாக வந்தது. இரண்டாவது தடவை வரவில்லை. நம் ரெக்கார்டு நோட்டை அடுத்தவனைப் பார்த்து எழுதும்போது இந்த 47 என்னை உறுத்தும்.

நம் நாட்டில் முடியுமா?

முடிந்திருக்கிறது, 1910-லேயே! சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், அப்போது கோச்சு வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் கம்பெனியில் சொல்லி ஒரு விமானம் செய்வித்தார். பல்லாவரத்தில் சோதித்துவிட்டு, அந்த ஆண்டு மார்ச்சில் தீவுத்திடலில் ஜனங்கள் முன்னால் பறந்து காட்டினார். குதிரை வண்டி செய்த கைகள் செய்த விமானம்.

நம் காலத்தில் மும்பையின் கேப்டன் அமோல் யாதவைச் சொல்ல வேண்டும். கிட் கூட இல்லை, சொந்த வடிவமைப்பு. அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் 6 பேர் உட்காரும் விமானம் கட்டினார்! கட்டியதைவிட அனுமதி வாங்கியதுதான் பெரிய கதை. 2011-லிருந்து அலைந்து, 2017-ல் பதிவு, 2019-ல் பறக்க அனுமதி, 2020-ல் சோதனைப் பறத்தல். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் பிறவியிலேயே காது கேளாத, வாய் பேசாத மனிதர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் செய்த இருவர் விமானம் 2014-ல் நம் தமிழ்நாட்டில், திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில் பறந்தது. அவரைப் பற்றி மலையாளத்தில் சினிமாவே வந்துவிட்டது.

நம் ஊரில் 2022-ல் பரந்தூர் அறிவிப்பு வந்த பிறகு விமானம் என்றாலே நிலத்தைப் பற்றிய பேச்சுத்தான். அது பெரியவர்கள் விவகாரம், நான் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால் சிப்காட்டில் விமான பாகங்களுக்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே வேலைக்குப் போனால் நம் கையில் தருவது முழு விமானமாக இருக்காது. ஒரு சட்டம், ஒரு தகடு, வரிசையாகத் துளைகள், இவ்வளவுதான்.

கிட் வாங்க நம்மிடம் பணம் இல்லை, சரி. ஷீட் மெட்டல் ஷாப்பின் மூலையில் கழிவு அலுமினியத் துண்டுகள் கிடக்கின்றன. சாரிடம் கேட்டுவிட்டேன், எடுத்துக்கொள்ளலாம் என்றார். 300 மி.மீ. நீளத்தில் இரண்டு பட்டை, 20 துளை, 3.2 மி.மீ. அலுமினிய ரிவிட். ஓரத்திலிருந்து 6.4 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. கோர்த்து, துளைத்து, பிரித்து, ராவி, மறுபடி கோர்த்து, சுத்தியலாலும் ரிவிட் செட்டாலும் அடிக்க வேண்டும். தலை 4.8 அகலம், 1.6 உயரம் வருகிறதா என்று வெர்னியரில் பார்த்து, இருபதையும் நோட்டில் எழுத வேண்டும். பிறகு அதில் 5 ரிவிட்டைத் துளை கெடாமல் வெளியே எடுக்க வேண்டும். நான் சுத்தியல் பிடிக்கிறேன். டாலியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். எந்தப் பிரிவாக இருந்தாலும் பரவாயில்லை, சனிக்கிழமை மத்தியானம் ஷாப்புக்கு வந்தால் போதும்.